மகன் கேட்ட பொட்டியும் மாசாமாசம் கட்டுற நெட்டும்

ஊரை விட்டு வெளியே இருக்கிற நம்ம ஆளுங்க வீடுகள்ல இப்போ ஒரு புதுக் கேள்வி சுத்திக்கிட்டு இருக்கு. "பையனுக்கு எந்த கோச்சிங் நல்லது சார்?"னு கேட்டுக்கிட்டு இருந்த நண்பர்கள், இப்போ போன் போட்டு குரலைத் தாழ்த்தி, "சார், கேம் விளையாடுறதை லைவ்ல காட்டணுமாம். ஒன்றரை லட்சம் ஆகும்கிறான். நிஜமாவே அவ்வளவு ஆகுமா? நெட்டு எவ்வளவு ஸ்பீடு போடணும்?"னு கேக்கறாங்க. எங்க வீட்டுலயும் இதே கேள்வி போன வருஷம் வந்தது. விசாரிச்சு, அலைஞ்சு, வாங்கியும் ஆச்சு. தனித்தனியா போன்ல சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதிடலாம்னுதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டுறவன். ஒரு லோன் ஃபைல் மேசைக்கு வந்தா எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் இதையும் பார்த்தேன். எது தேவை, எவ்வளவு தேவை, எது வெறும் பில்டப்பு, எது இல்லைன்னா தொழிலே படுத்துடும். அவ்வளவுதான் :-)

விண்ணப்பதாரர் யார்?

நம்ம ஜூனியர். பிளஸ் ஒன். பிறந்தது திருநெல்வேலி, நாலு வயசுல நாக்பூர், 2021ல இருந்து கொல்கத்தா, ஜாதவ்பூர். ஸ்கூல்ல இங்கிலீஷ், இந்தி. தெருவுல பெங்காலி. தமிழ் வீட்டுக்குள்ள மட்டும். பேசுவான், ஆனா "அம்மா, அந்த இது எங்கே?" ரேஞ்சுக்குத்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கணும்னா வேர்த்துடும். அவனோட பெரியப்பா பசங்க ரெண்டு பேர் அம்பாசமுத்திரத்துல. மூணு பேரும் சேர்ந்து ராத்திரியில வேலரன்ட்டும் மைன்கிராஃப்டும் விளையாடுவாங்க.

அவன் கொடுத்த பட்டியல்ல கிராஃபிக்ஸ் கார்டு, ரெண்டு மானிட்டர், கலர் கலரா எரியிற லைட்டு எல்லாம் இருந்தது. அதை எல்லாம் அடிச்சுடலாம். ஆனா கடைசியில ஒண்ணு சொன்னான்: "தமிழ்லதான்ப்பா பண்ணப் போறோம். அண்ணனுங்க ரெண்டு பேரும் இருக்காங்க." ஃபைலை மூட முடியாம பண்ணினது அந்த ஒரு வரிதான்.

சரி, உள்ளே என்னதான் நடக்குது?

முதல்ல கணக்கு. திரையில ஃபுல் எச்டி படம்னா குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளி. மொத்தம் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் கலர் சொல்ல 24 பிட். நொடிக்கு 60 படம். பெருக்கிப் பாருங்க, நொடிக்கு கிட்டத்தட்ட 300 கோடி பிட். அதாவது 3,000 எம்பிபிஎஸ். இதை அப்படியே அனுப்ப எந்த வீட்டு இணைப்பாலயும் ஆகாது. அதனால கம்ப்யூட்டர் இதை அமுக்கி 6 எம்பிபிஎஸ் ஆக்கி அனுப்புது. ஐநூறுல ஒரு பங்கு! இந்த அமுக்குற வேலைக்குப் பேர்தான் என்கோடிங். கேம் ஸ்ட்ரீமிங்குக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் தேவைப்படுறதே இந்த ஒரு வேலையாலதான். கேமை ஓட்டணும், அதே நேரத்துல அமுக்கவும் செய்யணும், அதுவும் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிசெகண்டுக்குள்ள. மாவு ஆட்டிக்கிட்டே தோசையும் சுடுற மாதிரி.

அமுக்குறதை ரெண்டு வழியில பண்ணலாம். ஒண்ணு, பிராசஸரை வச்சே பண்றது. பிராசஸர் முக்காவாசி இதுக்கே போயிடும், கேம் திக்கும். ரெண்டு, கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இதுக்குன்னு ஒரு மூலையில தனிச் சுற்று இருக்கும், அதுகிட்ட விட்டுடறது. என்விடியா இதை என்வென்க்னு சொல்லுது, 2012ல இருந்து இருக்கு. இன்டெல்ல 2011ல வந்த க்விக் சிங்க். ஏஎம்டியிலயும் உண்டு. இந்த மூலைச் சுற்று கேம் ஓட்டுற பகுதியைப் பெருசா தொந்தரவு பண்ணாது. முன்னாடி இதோட படத் தரம் சுமார்தான். 2018ல என்விடியா ட்யூரிங்னு ஒரு தலைமுறை கொண்டு வந்ததுக்கப்புறம் நல்லாவே முன்னேறிடுச்சு. ஆக, "ஸ்ட்ரீமிங்னா 16 கோர் பிராசஸர் வேணும்"னு யாராவது சொன்னா, அது அந்தக் காலத்துக் கதை.

(நான் இதை எழுதிக்கிட்டு இருக்கிற ஜாதவ்பூருக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய உறவு உண்டு. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து சொந்தமா டிரான்சிஸ்டர் வச்சு ஒரு கம்ப்யூட்டர் செஞ்சாங்க. பேர் ஐஎஸ்ஐஜேயு-1. 1966ல வேலை செய்ய ஆரம்பிச்சது. அந்தப் புண்ணிய பூமியிலதான் நம்மாளு மைன்கிராஃப்ட்ல குழி தோண்டிக்கிட்டு இருக்கான். ஹூம்!)

முதல்ல நெட்டு, அப்புறம்தான் பொட்டி

எல்லாரும் பொட்டியை வாங்கிட்டு நெட்டைப் பத்தி யோசிக்கிறாங்க. திருப்பிப் பண்ணுங்க. பொட்டி எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் வாசல்ல லைன் சரியில்லைன்னா பார்க்கிறவனுக்கு நிக்கிற படம்தான் தெரியும்.

நெட் கம்பெனி விளம்பரத்துல கொட்டை எழுத்துல இருக்கிற நம்பர் கீழே இறங்குற வேகம், அதாவது டவுன்லோட். ஸ்ட்ரீமிங்குக்கு வேண்டியது மேலே ஏத்துற வேகம், அப்லோட். நம்ம நாட்டுல பிராட்பேண்டுக்கு அரசாங்கமே கொடுத்த விளக்கம் 2004ல 256 கேபிபிஎஸ், 2013ல 512, 2023 ஜனவரியில 2 எம்பிபிஎஸ்னு ஏறியிருக்கு. அந்த 2 எம்பிபிஎஸ்ஸும் டவுன்லோடுக்குச் சொன்னதுதான். 1995 ஆகஸ்ட் 15ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பிச்சப்போ கல்கத்தாவும் மெட்ராஸும் முதல் ஊர்கள்ல இருந்தன. அன்னிக்கு டயலப் வேகம் 9.6 கேபிபிஎஸ். இன்னிக்கு ஒரு பையன் ஒரு விளையாட்டுக்காக மேலே அனுப்புற 6 எம்பிபிஎஸ், அன்னிய கணக்குல 625 லைன்!

எவ்வளவு வேணும்? யூட்யூபே ஒரு பட்டியல் கொடுத்திருக்கு. சாதாரண எச்.264 முறையில:

720பி, நொடிக்கு 30 படம்: 4 எம்பிபிஎஸ்
720பி, நொடிக்கு 60 படம்: 6 எம்பிபிஎஸ்
1080பி, நொடிக்கு 30 படம்: 10 எம்பிபிஎஸ்
1080பி, நொடிக்கு 60 படம்: 12 எம்பிபிஎஸ்

ட்விட்ச்ல 1080பி 60 படத்துக்கே 6 எம்பிபிஎஸ்தான் சொல்றாங்க.

இதுக்கு மேல மார்ஜின் வேணும். வாங்குற சம்பளத்துல பாதிக்கு மேல இஎம்ஐ போகக்கூடாதுன்னு கஸ்டமர்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கறோம்ல, அதே தத்துவம். நிஜமா கிடைக்கிற அப்லோட்ல பாதிக்கு மேல ஸ்ட்ரீமுக்குக் கொடுக்காதீங்க. மிச்சப் பாதி கேமுக்கும், தங்கமணி ஊருக்குப் பேசுற வீடியோ காலுக்கும். 6 எம்பிபிஎஸ் அனுப்பணும்னா 12 அப்லோட் நிலையா வரணும். ரெண்டு பக்கமும் ஒரே வேகம் கொடுக்கிற ஃபைபர் இணைப்புன்னா 40 எம்பிபிஎஸ் பிளானே தாராளம். ஜூனியர் 300 எம்பிபிஎஸ் பிளான் கேட்டான். தள்ளுபடி!

டேட்டா பத்தியும் பயப்பட வேண்டாம். 6 எம்பிபிஎஸ்ல ஒரு மணி நேரம்னா 2.7 ஜிபி. வாரத்துக்கு நாலு மணி நேரம்னு வச்சா மாசத்துக்கு 50 ஜிபிக்குள்ள. பல ஃபைபர் பிளான்கள்ல மாச வரம்பே 3,300 ஜிபி.

இங்கே ஒரு சூட்சுமம். ஸ்பீட் டெஸ்ட் போட்டா அது தானா பக்கத்துல இருக்கிற சர்வரைப் பிடிக்கும். பல நேரம் அது நம்ம நெட் கம்பெனியோட சொந்த சர்வராவே இருக்கும். மார்க் போடறவரும் மாமா, பரீட்சை எழுதறவரும் மாமா. அதனால மும்பை, சிங்கப்பூர்னு தூரத்து சர்வரைத் தேர்ந்தெடுத்துப் போடுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போடாதீங்க, ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணுக்குள்ள போடுங்க, ஒரு வாரம் தொடர்ந்து. ஏன்னா ஃபைபர்னாலும் தெருவுல பங்குதான். ஜிபான்ங்கிற முறையில ஒரு கண்ணாடி இழை கீழே சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலே சுமார் 1.25 ஜிபிபிஎஸ் கொண்டு போகும். அதை 32, 64 வீடுகள் பிரிச்சுக்கறாங்க. எல்லாரும் கிரிக்கெட் பார்க்கிற நேரத்துல உங்க பங்கு எவ்வளவுங்கறதுதான் கேள்வி. நான் ஏழு நாள் கணக்கு எழுதி வச்சு, அதுல மிகக் குறைஞ்ச நம்பரை எடுத்துக்கிட்டேன். சராசரியை நம்பாதீங்க. கடன் கொடுக்கும்போது பார்ட்டியோட நல்ல மாசத்தை மட்டும் பார்த்தா கொடுப்போம்?

அடுத்தது பிங். கொல்கத்தாவுல இருந்து மும்பை நேர்கோட்டுல சுமார் 1,650 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்ட்டு வர குறைஞ்சது 16, 17 மில்லிசெகண்டு. கேபிள் நேர்கோட்டுல போகாது, நடுவுல பத்து இடத்துல இறங்கி ஏறும். அதனால எங்க வீட்டுல மும்பை சர்வருக்கு 40 மில்லிசெகண்டுக்குப் பக்கம் வருது. எந்த பிளான் போட்டாலும் ஐன்ஸ்டீனை ஏமாத்த முடியாது. "வேகமான பிளான் போட்டா பிங் குறையும்ப்பா"ன்னு உங்க வீட்டுலயும் சொல்வாங்க. குறையாது.

ஆனா ஸ்ட்ரீம் ஓடும்போது பிங் ஏறுதுன்னா அதுக்குக் காரணம் வேற. பென்ஷன் நாள் அன்னிக்கு ஒரே கவுன்ட்டர்ல பெரிய க்யூ. ஒரு நிமிஷ வேலைக்கு வந்தவரும் அந்த க்யூவுலயேதான் நிக்கணும். அப்லோட் முழுசா நிரம்பினா கேமோட குட்டி குட்டி தகவல்கள் எல்லாம் வீடியோ பின்னால க்யூவுல நின்னுடும். வேகமான பிளான் வாங்குறதை விட, ஸ்ட்ரீமோட பிட்ரேட்டைக் கொஞ்சம் குறைக்கிறதுதான் இதுக்கு மருந்து.

கடைசியா வைஃபை. ஸ்ட்ரீமிங்குக்கு வேண்டாம். எங்க அபார்ட்மென்ட்ல போனைத் திறந்தா இருபது வைஃபை பேர் தெரியுது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான், 1, 6, 11. இருபது பேருக்கு மூணு குழாயடி! ரவுட்டர்ல இருந்து ஒரு கேட்-6 கேபிள் இழுத்துடுங்க. நூறு மீட்டர் வரைக்கும் தாராளமா போகும். இருக்கிறதுலயே மலிவான, அதிகம் பலன் தர்ற செலவு இதுதான். கம்பியில்லாம வர்ற ஏர்ஃபைபர் வகை இணைப்புகள்ல 5ஜி அலைவரிசையில பெரும்பங்கு கீழே இறங்குறதுக்கே ஒதுக்கியிருப்பாங்க. அப்லோட் குறைவு, ஏற்ற இறக்கமும் ஜாஸ்தி. ஃபைபர் வர்ற இடத்துல இருந்தா ஃபைபரே போடுங்க.

இப்போ பொட்டி

கொல்கத்தாவுல கம்ப்யூட்டர் சாமான்னா சாந்தினி. ஜாதவ்பூர் தானாவுல இருந்து அன்வர் ஷா ரோடு வழியா டாலிகஞ்ச் போய், மெட்ரோ ஏறினா சாந்தினி சௌக் ஸ்டேஷன். மேலே ஏறி வந்தா நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டோட பெரியப்பா மகன் மாதிரி ஒரு இடம். இந்தியா முழுக்க ஆன்லைன்ல சாமான் அனுப்புற எம்டி கம்ப்யூட்டர்ஸ், வேதாந்த் கம்ப்யூட்டர்ஸ் மாதிரி கடைகளும் இந்த ஊர்தான். நாலு கடையில கொட்டேஷன் வாங்கினோம். "தாதா, இன்னும் ஒரு பத்தாயிரம் போட்டீங்கன்னா..."ன்னு ஆரம்பிக்காத கடை இல்லை. நாலையும் ஒரு தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதினா எது தேவை, எது தூண்டில்னு தானா தெரிஞ்சுடும்.

நாங்க முடிவு பண்ணினது இது:

பிராசஸர்: ஆறு கோர் போதும். ரைசன் 5 5600 எடுத்தோம். இன்டெல்லா இருந்தா ஐ5 12400. பேர் கடைசியில எஃப்னு எழுத்து இருந்தா அதுல உள்ளமைஞ்ச கிராஃபிக்ஸ் கிடையாது, க்விக் சிங்க்கும் கிடையாது. தனி கார்டு போடப் போறீங்கன்னா மட்டும் எஃப்.

கிராஃபிக்ஸ் கார்டு: அவன் ஆடுற கேம்களுக்கு ஆர்டிஎக்ஸ் 3050 போதும். பழசு வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. ஜிடிஎக்ஸ் 1650ன்னு முதல்ல வந்த கார்டுல என்கோடர் மட்டும் முந்தின தலைமுறையோடது. 1650 சூப்பர், 1660 எல்லாம் ட்யூரிங் என்கோடர். பேர்ல ஒரு சொல்தான் வித்தியாசம், படத்துல நல்லாவே தெரியும்.

ராம்: 8 ஜிபி ரெண்டா, மொத்தம் 16. ஒரே 16 போடறதை விட ரெண்டு எட்டு வேகம். நாங்க 2025 பூஜைக்கு முன்னாடி வாங்கிட்டோம். அந்த வருஷக் கடைசியில ஏஐ சர்வர்களுக்கு மெமரி எல்லாம் போக ஆரம்பிச்சு ராம் விலை தாறுமாறா ஏறினது. மைக்ரான் கம்பெனி டிசம்பர்ல க்ரூஷியல்ங்கிற தன்னோட கடைச்சரக்கு பிராண்டையே நிறுத்தப் போறதா அறிவிச்சது. இப்போ வாங்குறவங்க ராம் விலையை அன்னன்னிக்கு விசாரிங்க. பழைய டிடிஆர்4 ராம் வீட்டுல இருந்தா தூக்கிப் போடாதீங்க, அதுக்கேத்த போர்டு வாங்குங்க.

டிஸ்க்: 1 டிபி என்விஎம்இ.

எஸ்எம்பிஎஸ்: எல்லாரும் கை வைக்கிற இடம் இதுதான். பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் போட்டு அது போகும்போது கூட ரெண்டு சாமானைக் கூட்டிக்கிட்டுப் போகும். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை.

மானிட்டர்: 24 இன்ச் ஒண்ணு புதுசு. ரெண்டாவதுக்கு வீட்டுல கிடந்த பழைய மானிட்டர்.

கலர் லைட்டு: நிராகரிக்கப்பட்டது. (அப்பீல்ல தங்கமணி ஒரு ஸ்ட்ரிப் லைட்டு மட்டும் சாங்ஷன் பண்ணிட்டாங்க. மேலிடத்து உத்தரவு!)

அப்போதைய விலையில எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்குள்ள முடிஞ்சது. கேட்டது ஒன்றரை லட்சம். ஸ்ட்ரீமிங் பண்ற ஓபிஎஸ் சாஃப்ட்வேர் இலவசம். 2012ல இருந்து இருக்கு, சுதந்திர மென்பொருள், பெரிய பெரிய சேனல்காரங்களும் இதைத்தான் வச்சிருக்காங்க. கேப்சர் கார்டு, ரெண்டு கம்ப்யூட்டர் செட்டப்பு இதெல்லாம் என்வென்க் இருக்கிற வீட்டுக்குத் தேவையே இல்லை.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பாங்கறது எங்களை மாதிரி மாற்றல் உத்தியோகக்காரங்களுக்கு முக்கியமான கேள்வி. எனக்கு எப்போ வேணா ஆர்டர் வரலாம். இருந்தும் டெஸ்க்டாப்தான் எடுத்தோம். காரணம், அதே காசுக்கு லேப்டாப்ல சூடு ஜாஸ்தி, ஆயுசு கம்மி, ஒண்ணு போனா எல்லாம் போச்சு. வருமான வரிக் கணக்குலயே கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். டெஸ்க்டாப்னா தேஞ்ச பாகத்தை மட்டும் மாத்திக்கலாம். சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டியா வாங்குங்க, அட்டைப்பெட்டி தெர்மாகோல் எதையும் தூக்கிப் போடாதீங்க. ஊர் மாறும்போது கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டித் தனியா பேக் பண்ணிடணும். மாட்டினபடியே லாரியில ஏத்தினா அதோட எடைக்கே ஸ்லாட் உடையும்.

கால்பைசாகியும் கரண்டும்

ஏப்ரல், மே மாசம் சாயந்திரம் இந்த ஊர்ல வானம் கறுத்து, காத்தோட ஒரு மழை அடிக்கும். கால்பைசாகி. அஞ்சு நிமிஷத்துல கரண்டு போய் வரும். 2020 மே 20 ஆம்பன் புயல்ல ஜாதவ்பூர், கரியா, பெஹாலா பக்கம் பல தெருக்கள்ல மரங்கள் சாஞ்சு நாள் கணக்கா கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. நாங்க வர்றதுக்கு முந்தின கதை, ஆனா எங்க பாடாவுல இன்னும் அதைச் சொல்லாத ஆள் கிடையாது.

லைன் எடுக்கும்போது இதைக் கேளுங்க: வீட்டுக்கு ஃபைபரே வருதா, இல்லை ஃபைபர் தெருமுனைப் பெட்டி வரைக்கும் வந்து அங்கேருந்து சாதா கேபிளா? ரெண்டாவது வகைன்னா அந்தப் பெட்டியில இருக்கிற சுவிட்சுக்கும் கரண்டு வேணும். தெருவுல கரண்டு போனா உங்க வீட்டு இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட்டு வராது. ஜிபான் ஃபைபர்ல நடுவுல இருக்கிற பிரிப்பான் வெறும் கண்ணாடிச் சமாச்சாரம், கரண்டே வேண்டாம். வீட்டுல ரவுட்டருக்கு ஒரு குட்டி 12 வோல்ட் யூபிஎஸ் போதும். எந்தக் கம்பெனி லைன் மழைக்கு நிக்குதுன்னு விளம்பரத்தைப் பார்க்காதீங்க. தெருமுனை டீக்கடையில கேளுங்க. மூணு பாண்டு சாய் செலவு, முழு ரிப்போர்ட் கிடைச்சுடும் :-)

மைக்கும் ஃபேனும்

படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பொறுத்துப்பாங்க, சத்தம் கரகரன்னா ஓடிடுவாங்க. ஆனா மே மாசக் கொல்கத்தாவுல ஃபேனை நிறுத்திட்டு எவன் பேசுவான்? ஓபிஎஸ்லயே இரைச்சல் அடக்கி ஒண்ணு இருக்கு, ஆர்என்நாய்ஸ். அதைப் போட்டா ஃபேன் சத்தம் முக்காவாசி அடங்கிடும். வாய்க்குப் பக்கத்துல மைக் இருக்கிற சாதாரண வயர் ஹெட்செட் போதும்.

ஏதாவது திக்குச்சுன்னா உடனே நெட்டைத் திட்டாதீங்க. ஓபிஎஸ்ல புள்ளிவிவர ஜன்னல் உண்டு. நெட்வொர்க்கால விழுந்த படங்கள், என்கோடிங் தாமதத்தால விட்டுப்போன படங்கள், ரெண்டரிங் தாமதத்தால தவறின படங்கள்னு மூணு கணக்கு தனித்தனியா காட்டும். முதல்து ஏறினா லைன், ரெண்டாவது என்கோடர், மூணாவது கிராஃபிக்ஸ் கார்டு திணறுது, கேமோட செட்டிங்கைக் குறைக்கணும். இதைப் படிக்கத் தெரிஞ்சா பாதி பஞ்சாயத்து தீரும்.

சாங்ஷன் லெட்டர்

காசு கொடுக்கிற இடத்துல நிபந்தனை இல்லாம இருக்குமா? எங்க வீட்டு நிபந்தனைகள்:

1. சனி, ஞாயிறு ராத்திரி ஏழுல இருந்து ஒன்பது. பிளஸ் டூ ஜனவரியில இருந்து பரீட்சை முடியிற வரைக்கும் கடை மூடல்.

2. முழுத் திரையைக் காட்டக்கூடாது, கேம் ஜன்னலை மட்டும் காட்டணும். லைவ் ஓடும்போது ஓரத்துல ஓடிபி வந்து நின்னா அதையும் ஊரே பார்க்கும். ஸ்ட்ரீம் கீன்னு ஒண்ணு கொடுப்பாங்க, அது ஏடிஎம் பின் மாதிரி. தெருப் பேர், ஸ்கூல் பேர், முகம் எதுவும் வேண்டாம். பணம் சம்பந்தமா ஏதாவது ஏமாத்து நடந்தா யோசிக்காம 1930க்குப் போன்.

3. காசு வச்சு ஆடுற எதுவும் கிடையாது. 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டம் பண விளையாட்டுகளை ஆன்லைன்ல தடை பண்ணிடுச்சு, விளம்பரம் பண்றதும் குற்றம். இ-ஸ்போர்ட்ஸ் வேற, அதை அந்தச் சட்டமே அங்கீகரிக்குது.

4. வாய். 2021 ஜூன்ல தமிழ்நாட்டுல ஒரு பப்ஜி லைவ் சேனல்காரரை, கேட்கக் கூசுற பேச்சுக்காக போலீஸ் கைது பண்ணினது ஞாபகம் இருக்கும். அவரோட பார்வையாளர்கள்ல பெரும்பாலும் பசங்கதான். நம்ம வீட்டுப் பாட்டி கேட்டா கூசாத தமிழ் மட்டும்.

5. யூட்யூப் 2025 ஜூலை 22ல இருந்து, 16 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க தனியா லைவ் போட முடியாதுன்னு ஆக்கிட்டாங்க, கூட பெரியவங்க இருக்கணும். ஜூனியருக்கு 16 ஆச்சு, ஆனா கதவு திறந்துதான் இருக்கணும்.

இதுல வருமானம் வருமான்னு கேக்கறவங்களுக்கு: விளம்பரப் பங்கு வாங்கவே ஆயிரம் சந்தாதாரர், ஒரு வருஷத்துல 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். நம்ம பையனோட லைவ்ல சராசரி பதினோரு பேர். ரீபேமென்ட்டை எதிர்பார்த்துக் கொடுத்த கடன் இல்லை இது.

அப்போ எதுக்குத்தான்?

அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தங்க எங்கம்மா. அம்பாசமுத்திரத்துல பேரன்மாருங்க போன்ல போட்டுக் கொடுத்துட்டாங்க. கேம் என்னன்னு அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா குரல் கேக்குதுல்ல. சாட்டுல அண்ணனுங்க கூட்டாளிங்க எல்லாம் தமிழ்லயே அடிக்கிறாங்க, அது மேலே ஓடிக்கிட்டே இருக்கும். முதல் மாசம் நம்மாளு அதைப் படிக்க முடியாம தடுமாறுவான், அண்ணன் படிச்சுச் சொல்லணும். "லேய், வலது பக்கம் பாருல"ன்னு வர்றதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள இங்கே ஆள் காலி ஆயிருப்பான்.

நாக்பூர்ல வாராவாரம் தமிழ் கிளாஸுக்கு அனுப்பிப் பார்த்தோம், இங்கே வந்து தங்கமணி ஒண்ணாம் வகுப்புப் புத்தகம் வச்சு உக்காத்திப் பார்த்தாங்க. ரெண்டும் மூணு மாசம் தாண்டலை. இங்கே யாரும் சொல்லிக் கொடுக்கலை. ஓடுற எழுத்தைப் பிடிச்சுப் படிக்கலைன்னா ஆட்டம் போயிடும், அவ்வளவுதான். போன மாசம் எங்கம்மா யாரையோ விட்டு அடிக்கச் சொல்லி ஒரு வரி போட்டிருந்தாங்க: "ராசா சாப்பிட்டியா". இவன் ஆட்டத்தோட நடுவுல அதைத் தானா, திக்காம, சத்தமா படிச்சான். "சாப்பிட்டேன் ஆச்சி, அம்மா இன்னிக்கு சொதி வச்சா"ன்னு பதில் சொல்லிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போயிட்டான். ஹால்ல இருந்த தங்கமணி என்னைப் பார்த்தாங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயமா தெரியாது. நம்மள மாதிரி ஊர் ஊரா மூட்டை தூக்குறவங்களுக்குத் தெரியும். அடுத்த ஆர்டர் கௌஹாத்தியோ ராய்ப்பூரோ, அங்கே தெருவுல எந்த பாஷையோ தெரியாது. பொட்டியும் பையனும் கூட வருவாங்க. ஒரு ஃபைபர் லைன் மட்டும் பார்த்துப் போட்டுடணும்.

கொசுறு: முழுக்கப் படிக்க நேரமில்லாதவங்களுக்குச் சுருக்கம். ராத்திரி ஒன்பது மணி அப்லோட் 12 எம்பிபிஎஸ்க்குக் குறையாத ஃபைபர், வைஃபைக்குப் பதிலா கேட்-6 கேபிள், ஆறு கோர் பிராசஸர், நல்ல என்கோடர் இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு, ரெண்டு 8 ஜிபி ராம், பேர் தெரிஞ்ச எஸ்எம்பிஎஸ், ரவுட்டருக்குக் குட்டி யூபிஎஸ். 720பி 60 படம், 6 எம்பிபிஎஸ்ல ஆரம்பிங்க. பையன் 1080பி கேப்பான். பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லிடுங்க :-)